மோட்டாரா, கண்ட்ரோலரா?

தில்லி மாநகரில் மெட்ரோ ரயிலை விட்டிறங்கி நிலையத்தின் வாயிலுக்கு வருகிற நம்மவர்களை முதன்முதலாக எதிர்கொள்வது மின்சார ரிக்‌ஷாக்களின் வரிசைதான். வீட்டுக்கும் நிலையத்துக்கும் இடையேயுள்ள ஒன்றிரண்டு கிலோமீட்டர் தூரத்தை நடந்து கடக்க இயலாத முதியோரும், காய்கறிப் பையுடன் திரும்பும் பெண்மணிகளும், பள்ளிச் சிறுவர்களும் இவற்றையே நம்பியிருக்கிறார்கள். உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் இதே கதைதான். மேற்கு வங்காளத்தில் வசிக்கும் நேயர்களுக்கு 'டோட்டோ' என்று சொன்னால் உடனே விளங்கும். 2014-ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதியில் தில்லி உயர் நீதிமன்றம் இவ்வண்டிகளுக்குத் தடை விதித்தது. அதே ஆண்டு அக்டோபரில் மத்திய அரசு இவற்றுக்கென விதிகளை வகுத்தது. 2015-இல் மோட்டார் வாகனச் சட்டமே திருத்தப்பட்டு, இவை முறையான வாகனங்களாயின. ஓட்டுநரைத் தவிர 4 பேர், 40 கிலோ சுமை, மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகம் என்பது விதி. நால்வருக்கு உரிய இடத்தில் அறுவர் ஏறுவதை நாம் காணாமலில்லை. அவசரத்தில் நாமே ஆறாவது ஆளாகத் தொற்றிக்கொண்டதும் உண்டு. அந்த அதிகப்படியான இருவருக்கும் இன்று நான் சொல்லப்போகும் விஷயத்துக்கும் நெருங்கிய சம்பந்தம் இருக்கிறது.

நான் வழக்கமாக ஏறும் வண்டியின் ஓட்டுநர் ஒரு நாள் காலை, வண்டியை நிழலில் ஒதுக்கிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பத்து நாட்களுக்குள் கண்ட்ரோலர் என்ற கட்டுப்பாட்டுப் பெட்டியை இருமுறை மாற்றியாயிற்றாம். இரண்டாவது பெட்டி, மாட்டிய மறுநாளே கருகிவிட்டது. பழுது பார்ப்பவர் மூன்றாவதாக ஒன்று வாங்கச் சொல்கிறார். வண்டி அவருடைய சொந்தம்தான். ஆனால் கடனில் வாங்கியது. வண்டி நின்றாலும் தவணை நிற்பதில்லை. அன்றன்றைய வருவாயைக் கொண்டு அன்றன்றைய அடுப்பெரிக்கும் ஒரு மனிதருக்கு, காரணம் தெரியாமல் வாங்கப்படும் ஒவ்வொரு கண்ட்ரோலரும் ஒரு வாரத்து உழைப்பைக் கொண்டுபோய்விடுகிறது. அவருடைய வண்டியில் நேர்ந்தது என்ன என்பதைப் பிறகு சொல்லுகிறேன். அது விளங்குவதற்கு, வண்டியின் உள்ளே நடப்பதைச் சற்றே அறிந்துகொள்ள வேண்டும்.

மின்சார ரிக்‌ஷாவில் ஓட்டத்துக்கு உரிய பகுதிகள் மூன்றே. இருக்கையின் அடியில் 12 வோல்ட் பாட்டரிகள் 4 தொடராக இணைக்கப்பட்டு 48 வோல்ட் தருகின்றன. பின்னச்சின் நடுவே மோட்டார் இருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே அலுமினியப் பெட்டி ஒன்று, அதுவே கண்ட்ரோலர். பழைய மின்சார மோட்டார்களில், சுழலும் சுருள்களுக்கு மின்சாரத்தை மாற்றி மாற்றி விடும் வேலையைக் கரித்துண்டுகளாலாகிய பிரஷ்கள் செய்துவந்தன. இப்போதைய வண்டிகளில் பெரும்பாலும் பிரஷ் கிடையாது. காந்தங்கள் சுழலுகின்றன, சுருள்கள் மூன்று தொகுதிகளாக அசையாமல் நிற்கின்றன. எந்தத் தொகுதிக்கு எந்தக் கணத்தில் மின்சாரம் செல்ல வேண்டும் என்பதைக் கண்ட்ரோலர் தீர்மானிக்கிறது. தீர்மானிப்பதற்கு, காந்தம் இப்போது எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரிந்தாக வேண்டுமல்லவா? அதைச் சொல்பவை, மோட்டாருக்குள் பதித்திருக்கும் மூன்று சிறு ஹால் உணர்விகள். மின்சாரம் ஓடும் உலோகத் தகடு ஒன்றைக் காந்தப் புலத்தில் வைத்தால் அதன் குறுக்கே ஒரு சிறு வோல்டேஜ் தோன்றுகிறது என்று 1879-இல் எட்வின் ஹால் என்ற அமெரிக்கர் கண்டறிந்தார். நெடுங்காலம் ஆய்வுக்கூடத்து விந்தையாக இருந்த அந்த உண்மை, இன்று ரிக்‌ஷாவின் சக்கரத்தைச் சுழற்றுகிறது.

மின்சாரத்தைத் திறந்து மூடும் கதவுகளாகக் கண்ட்ரோலரில் இருப்பவை மாஸ்ஃபெட் என்ற அரைக்கடத்திச் சில்லுகள். 1959-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் அட்டாலா, காங் என்ற இருவர் உருவாக்கியது இது. மோட்டாருக்குச் செல்லும் மூன்று தடித்த கம்பிகளில் ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு கதவு, கீழே ஒரு கதவு. ஆக ஆறு கதவுகள். மேல் கதவு பாட்டரியின் நேர்முனையோடும், கீழ்க் கதவு எதிர்முனையோடும் இணைக்கும். பெரிய கண்ட்ரோலர்களில் ஒவ்வொரு கதவுக்கும் இரண்டு மூன்று சில்லுகளை இணையாகப் பொருத்தியிருப்பார்கள். அளவுக்கு மிஞ்சிய மின்சாரமும் வெப்பமும் இச்சில்லுகளின் பகைவர்கள். சில்லு சாகும்போது பெரும்பாலும் திறந்த கதவாகவே சாகிறது. பிறகு அதை மூட முடியாது. இந்த ஒரு செய்தியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொண்டால் பின்னர் சொல்வது எளிதாக விளங்கும்.

வண்டி நின்றதும் முதலில் சந்தேகிக்கப்படுவது கண்ட்ரோலர். என் அநுபவத்தில், முதலில் சந்தேகிக்க வேண்டியது பாட்டரியும் அதன் இணைப்புகளும்தான். நிறைய மின்னேற்றப்பட்டு ஓய்வாக இருக்கும் ஈய-அமில பாட்டரி ஒன்று 12.7 வோல்ட் அளவு காட்டும். நான்கும் சேர்ந்து ஏறத்தாழ 51 வோல்ட். ஆனால் ஓய்வில் அளந்து ஏமாந்தவர்கள் அநேகர். ஆட்களை ஏற்றிக்கொண்டு வண்டி புறப்படும் தருணத்தில் நான்கு பாட்டரிகளையும் தனித்தனியே அளக்க வேண்டும். மூன்று பாட்டரிகள் 12 வோல்டுக்கு அருகே நிற்க, நான்காவது மட்டும் 10.5-க்குக் கீழே சரியுமானால், குற்றவாளி அதுவே. 48 வோல்ட் வண்டிகளின் கண்ட்ரோலர், பாட்டரியைக் காப்பதற்காகச் சாதாரணமாக 42 வோல்ட் அளவில் மின்சாரத்தைத் தானே நிறுத்திவிடும். வண்டி சமதரையில் ஓடும். மேம்பாலத்தில் ஏறும்போது உயிரை விடும். சற்று நின்றால் மறுபடி உயிர் பெறும். இதைக் கண்டு கண்ட்ரோலரை மாற்றுவது, தன் கடமையைச் செய்த காவற்காரனை வேலையை விட்டு நீக்குவது போன்றது.

இணைப்புகளைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். பாட்டரி முனைகளில் வெண்மையாகவும் பசுமையாகவும் பூக்கும் படிவம் மின்சாரத்துக்குத் தடையாகிறது. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் ஈயக் குமிழிலும் மற்றொன்றை அதில் முடுக்கியிருக்கும் கம்பியின் காதிலும் வைத்து, வண்டி பாரம் இழுக்கும்போது பாருங்கள். ஏறத்தாழ ஒன்றும் காட்டாமலிருக்க வேண்டும். அரை வோல்ட் காட்டினால், 40 ஆம்பியர் ஓடும்போது அந்தச் சிறு முடிச்சில் 20 வாட் வெப்பம் பிறக்கிறது என்று பொருள். கொதிநீர் ஊற்றிக் கழுவித் துடைத்து, உப்புத்தாள் தேய்த்து, இறுக முடுக்கினால் தீருகிற நோய் இது. எம்.சி.பி. என்ற பாதுகாப்பு விசையின் இரு முனைகளுக்கும், சாவித் துளைக்குப் பின்னால் உள்ள கம்பிகளுக்கும் இதே சோதனையைச் செய்யலாம்.

சோதனையில் இறங்குவதற்கு முன் ஓர் எச்சரிக்கை. 48 வோல்ட் உலர்ந்த கையைத் தாக்குவதில்லை என்பதால் பலர் அலட்சியமாக இருக்கிறார்கள். ஆனால் பாட்டரியின் இரு முனைகளையும் ஓர் உலோகத் துண்டு குறுக்கே தொட்டுவிட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். மோதிரமும் கைச்சங்கிலியும் நொடியில் பழுக்கக் காய்ந்து சதையைச் சுட்டுவிடும். அவற்றைக் கழற்றி வைத்துவிட்டே கை வைக்க வேண்டும். மின்னேற்றிய உடனே பாட்டரிப் பெட்டியில் எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயு தங்கியிருக்கும். சிறிது நேரம் திறந்துவைத்துக் காற்றாட விட வேண்டும். பீடி பற்றவைத்தபடி பாட்டரியைக் குனிந்து பார்ப்பவர்களைத் தில்லியில் கண்டிருக்கிறேன். காணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு துணுக்குறும்.

பாட்டரி குற்றமற்றது என்று தெரிந்தபின், சிறிய கம்பிகளை நோக்க வேண்டும். பிரேக்கை மிதித்தால் மோட்டாருக்கு மின்சாரம் செல்லாதபடி தடுக்கும் சிறு விசை ஒன்று உண்டு. மிதியடிக்குக் கீழே சேறும் துருவும் சேர்ந்து அது அழுந்திய நிலையிலேயே சிக்கிக்கொண்டால், வண்டியில் விளக்கெரியும், ஒலிப்பானும் ஒலிக்கும், சக்கரம் மட்டும் அசையாது. பின்னால் போய்ப் பிரேக் விளக்கு சதா எரிகிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். அடுத்தது ஆக்ஸிலரேட்டர் பிடி. அதற்குள்ளும் ஒரு ஹால் உணர்விதான் இருக்கிறது. கண்ட்ரோலரிலிருந்து 5 வோல்ட் சிவப்புக் கம்பியில் வருகிறது, கறுப்பு, எதிர்முனை, மூன்றாவது கம்பி, பிடியைத் திருகும் அளவைத் தெரிவிக்கிறது. திருகாத நிலையில் அதில் ஏறத்தாழ 0.8 அல்லது 0.9 வோல்டும், முழுவதும் திருகினால் 3.5-க்கும் 4.2-க்கும் இடையிலும் இருப்பது வழக்கம். சீராக ஏறாமல் நடுவே குதித்தால் பிடியை மாற்ற வேண்டும். இந்தச் சோதனையின்போது பின்சக்கரங்கள் இரண்டும் தரையைத் தொடாதபடி வண்டியைத் தூக்கி நிறுத்தியிருத்தல் அவசியம். கறுப்புக் கம்பி அறுந்திருந்தால், திருகாமலே முழு வேகத்துக்கு உரிய வோல்டேஜ் சென்றுவிடக்கூடும்.

சிவப்புக் கம்பியில் அந்த 5 வோல்டே வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். உடனே கண்ட்ரோலரைக் கைவிட்டுவிடலாகாது. அதே 5 வோல்ட்தான் மோட்டாருக்குள் இருக்கும் ஹால் உணர்விகளுக்கும் செல்கிறது. அங்கே ஒரு கம்பி நசுங்கிக் குறுக்கே தொட்டால் இங்கேயும் வோல்டேஜ் வீழும். ஆகையால் ஆக்ஸிலரேட்டரின் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். பிறகு மோட்டாரின் மெல்லிய கம்பிகளின் கனெக்டரையும் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பி வருகிறதோ அங்கேதான் பழுது. இரண்டையும் கழற்றிய பின்னும் வராவிட்டால், கண்ட்ரோலருக்குள் வரும் 48 வோல்ட் சாவி வழியாகச் சரியாக வருகிறதா என்று பார்த்து, வந்தால் மட்டுமே கண்ட்ரோலரைக் குறை கூற நியாயம் உண்டு.

இனி, எவ்விதக் கருவியும் இல்லாமல் கைகளால் மட்டுமே செய்யக்கூடிய சோதனைக்கு வருகிறேன். இதை ஒவ்வொரு ஓட்டுநரும் அறிந்திருக்க வேண்டும் என்பது என் விருப்பம். மோட்டார் என்பது மறுபுறம் பார்த்தால் ஒரு டைனமோ. சக்கரத்தை நாம் சுழற்றினால் அது மின்சாரம் உண்டாக்கும். அதன் கம்பிகள் இரண்டு ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால், பிறந்த மின்சாரம் அந்த வழியே ஓடி, தன்னைப் பிறப்பித்த சுழற்சியையே எதிர்த்துப் பிடிக்கும். 1834-இல் லென்ஸ் என்ற அறிஞர் வகுத்த விதி இது. சாவியை எடுத்துவிட்டு, பாட்டரியைத் துண்டித்து, ஆளில்லாத வண்டியைக் கையால் தள்ளுங்கள். சுலபமாக உருண்டால் நல்லது. யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல், தடுக்கித் தடுக்கி நகர்ந்தால், எங்கோ இரண்டு கம்பிகள் கூடிவிட்டன. ஒரு கதவு திறந்தபடியே செத்துவிட்ட கண்ட்ரோலரும் இதே பிடிப்பைத் தரும். பிரேக் ஒட்டிக்கொண்டிருப்பதாலும் வண்டி கனக்கும். ஆனால் அந்தக் கனம் ஒரே சீராக இருக்கும், விட்டுவிட்டு வராது.

இப்போது மஞ்சள், பச்சை, நீலம் என்ற மூன்று தடித்த கம்பிகளையும் கண்ட்ரோலரின் பக்கத்தில் கழற்றி, ஒன்றையொன்று தொடாமல் விலக்கி வைத்துவிட்டு மறுபடி தள்ளுங்கள். பிடிப்பு மறைந்துவிட்டால் கண்ட்ரோலர் எரிந்திருக்கிறது. மறையவில்லையானால் கண்ட்ரோலர் எரிந்திருக்கலாம், எரியாமலும் இருக்கலாம். ஆனால் அதற்கு அப்பால் வேறொரு பழுது உறுதியாக இருக்கிறது. அதைத் தீர்க்காமல் எத்தனை கண்ட்ரோலர் மாட்டினாலும் அத்தனையும் கருகும்.

நம் ஓட்டுநரின் வண்டியில் கம்பிகளைக் கழற்றிய பின்னும் வண்டி நகர மறுத்தது. 'மோட்டார் சுருள் எரிந்துவிட்டது, கழற்றிச் சுற்றக் கொடுக்க வேண்டும்' என்று அருகிலிருந்த ஒருவர் தீர்ப்புக் கூறினார். எனக்கு இன்னும் ஒரு சோதனை பாக்கியிருந்தது. அதே மூன்று கம்பிகளையும் மோட்டாரின் பக்கத்தில், அதன் முனைகளிலேயே கழற்றச் சொன்னேன். வண்டி பூப்போல உருண்டது! மோட்டாரிலும் குற்றமில்லை. முன்னிருக்கையின் அடியிலிருந்து பின்னச்சுக்குச் செல்லும் வழியில், சட்டத்தின் கூர்மையான விளிம்பில் கம்பிகள் உராய்ந்துகொண்டிருந்தன. ஆறு பேர் ஏறி வண்டி பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் வில்தகடுகள் அழுந்த, கம்பி அறுபட்டது. மேலுறை தேய்ந்து, வெப்பத்தில் இளகி, பச்சையும் நீலமும் செம்போடு செம்பாக ஒட்டிக்கொண்டுவிட்டன. இரண்டு கண்ட்ரோலர்களைத் தின்றது ஒரு முழம் கம்பி. புதுக் கம்பியை ரப்பர்க் குழாய்க்குள் நுழைத்து, விளிம்பை விட்டு விலக்கி, அச்சு ஆடுவதற்குப் போதிய தளர்வும் கொடுத்துக் கட்டியாயிற்று. மூன்றாவது கண்ட்ரோலர் வாங்கவேண்டியிருந்தது வாஸ்தவம். ஆனால் நான்காவது வாங்கவில்லை.

தள்ளிப் பார்ப்பதற்குப் பதிலாகச் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பார்க்க விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பின்னச்சில் டிஃபரென்ஷியல் என்ற பற்சக்கர அமைப்பு இருப்பதால், இரு சக்கரங்களையும் தூக்கிவிட்டு ஒன்றைச் சுற்றினால் மற்றது எதிர்த்திசையில் சுற்றும். மோட்டார் அசையாமல் நின்றுவிடும். பார்ப்பவர் 'பிடிப்பே இல்லை' என்று எண்ணி ஏமாறுவார். ஒரு சக்கரத்தை மட்டும் தூக்க வேண்டும். மற்றது தரையில் உறுதியாக ஊன்றியிருக்க வேண்டும்.

கழற்றிய நிலையிலேயே மோட்டாரின் சுருள்களையும் சோதித்துவிடலாம். மஞ்சளையும் பச்சையையும் சேர்த்துப் பிடித்துத் தள்ளுங்கள். பிறகு பச்சையையும் நீலத்தையும். பிறகு நீலத்தையும் மஞ்சளையும். மூன்று முறையும் ஒரே அளவு பிடிப்பு இருந்தால் சுருள்கள் நலம். ஒரு ஜோடியில் மட்டும் பிடிப்பு இருந்து மற்ற இரண்டு ஜோடிகளிலும் இல்லையென்றால், அவ்விரண்டுக்கும் பொதுவான நிறத்தின் வழி எங்கோ அறுந்திருக்கிறது.

மோட்டார் ஓடாமல் உறுமி நடுங்குவதும், கையால் சற்றுத் தள்ளிவிட்டால் ஓடத் தொடங்குவதும் மற்றொரு வகைக் கோளாறு. தடித்த கம்பி ஒன்று அறுந்தாலும் இப்படி நேரும். ஹால் உணர்வி ஒன்று செத்தாலும் நேரும். முதலாவதை மேற்சொன்னபடி அறிந்துவிடலாம். இரண்டாவதற்கு மல்டிமீட்டர் வேண்டும். மெல்லிய ஐந்து கம்பிகளுள் சிவப்பும் கறுப்பும் 5 வோல்டைக் கொண்டுசெல்வன. மற்ற மூன்றும் செய்தி சொல்வன. கனெக்டரைக் கழற்றாமலே, அதன் பின்புறமாக மீட்டரின் ஊசியை நுழைத்து அளக்க வேண்டும். கழற்றிவிட்டால் செய்திக் கம்பிகளுக்கு வோல்டேஜ் தரும் கண்ட்ரோலரையே துண்டித்துவிடுகிறோம். நல்ல உணர்வியும் செத்ததுபோல் காட்டும். சாவியைப் போட்டு, சக்கரத்தை மிக மெதுவாகத் திருப்பினால், ஒவ்வொரு கம்பியிலும் வோல்டேஜ் சுழியத்துக்கும் ஏறத்தாழ ஐந்துக்கும் மாறி மாறி வர வேண்டும். ஒரு கம்பி மட்டும் அசையாமல் ஒரே எண்ணில் நின்றால் அந்த உணர்வி போயிற்று. ஆனால் மோட்டாரைத் திறப்பதற்கு முன் கனெக்டரைப் பிரித்து முகர்ந்தாவது பாருங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கிய சாலைகளில் ஓடிய வண்டியின் கனெக்டருக்குள் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும்; உணர்வி போனதாகச் சொல்லப்படுவனவற்றுள் பல இதனால் வருபவையே.

கண்ட்ரோலரைத் தனியே சோதிக்கவும் வழி உண்டு. பாட்டரியைத் துண்டித்த பின்னும் அதனுள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். வீட்டில் எரிக்கும் பழைய வகை 60 வாட் இழைப் பல்பை அதன் இரு பாட்டரிக் கம்பிகளுக்கும் குறுக்கே சில விநாடிகள் வைத்தால் அது வடிந்துவிடும். பிறகு மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்து, சிவப்பு ஊசியைக் கண்ட்ரோலரின் எதிர்முனைக் கம்பியிலும், கறுப்பு ஊசியை மூன்று தடித்த கம்பிகளில் ஒவ்வொன்றாகவும் வைத்துப் பாருங்கள். 0.4-க்கும் 0.6-க்கும் இடைப்பட்ட ஓர் எண் மூன்றிலும் ஒன்றுபோல வரும். அடுத்து, கறுப்பு ஊசியை நேர்முனைக் கம்பியில் வைத்து, சிவப்பு ஊசியால் அம்மூன்றையும் தொட்டால் அதுபோலவே மூன்று எண்கள் கிடைக்கும். இந்த ஆறில் ஏதேனும் ஒன்று சுழியத்துக்கு அருகே வீழ்ந்தால் அந்தக் கதவு செத்துவிட்டது. எண்கள் எவ்வளவு என்பதைவிட ஒத்திருக்கின்றனவா என்பதே முக்கியம்.

அதே பல்பைப் பாட்டரிக்கும் கண்ட்ரோலருக்கும் இடையே தொடராகப் போட்டு முதன்முறை மின்சாரம் கொடுப்பது நல்ல பழக்கம். கெப்பாசிட்டர் நிரம்பும் வரை மங்கலாக மின்னி அணைந்துவிட்டால் சரி. சிவந்த ஒளியுடன் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே குறுக்குத் தொடர்பு இருக்கிறது. பல்பு அணைந்தது என்பதனால் மட்டும் கண்ட்ரோலர் பழுதற்றது என்று ஆகாது. ஒரே ஒரு கதவு செத்திருந்தால் இந்தச் சோதனையில் அது அகப்படுவதில்லை.

கண்ட்ரோலரும் மோட்டாரும் ஏன் எரிகின்றன என்பதற்கு ஒரு சொல். 1,000 வாட் மோட்டார் சமதரையில் தன் முழுத் திறனுடன் ஓடினால் 21 ஆம்பியர் அளவு இழுக்கும். அதிக ஆட்களுடன் மேட்டில் ஏறும்போது அது இரு மடங்கையும் தாண்டும். எல்லாவற்றிலும் தீயது, ஏற்றத்தில் பிரேக் போடாமல், ஆக்ஸிலரேட்டரை இலேசாகத் திருகியே வண்டியைப் பின்னே சரியாமல் நிறுத்தி வைக்கும் வழக்கம். மோட்டார் சுழலாதபோது மின்சாரம் சுருள்களுக்குள் மாறி மாறிச் செல்வதில்லை. குறிப்பிட்ட கதவுகளின் வழியாகவே ஓடி அவற்றைச் சுட்டுவிடுகிறது. தில்லியின் மே மாத வெயிலில், காற்றுப் புகாத இருக்கையடியில், அந்தச் சூடு எங்கே போகும்? மோட்டாரில் உள்ள காந்தங்களையும் வெப்பம் கெடுக்கும். நியோடிமியக் காந்தங்களில் சாதாரண ரகம் 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் தன் காந்த சக்தியில் ஒரு பகுதியை நிரந்தரமாக இழக்கலாம். அத்தகைய மோட்டார் ஆளில்லாதபோது முன்னைவிட வேகமாகச் சுழலும், ஆளேறினால் இழுக்காது, மின்சாரம் மட்டும் அதிகமாகத் தின்னும். அதற்குக் கண்ட்ரோலரை மாற்றிப் பயனில்லை.

மின்சார ஸ்கூட்டர் வைத்திருக்கும் நேயர்கள், இவையெல்லாம் தங்களுக்கும் பொருந்துமா என்று கேட்கலாம். ஈய-அமில பாட்டரியுடன் வரும் எளிய ஸ்கூட்டர்களுக்குப் பெரும்பாலும் பொருந்தும். சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் இருப்பதால் நடு ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றினாலே போதும். ஆனால் திருட்டு எச்சரிக்கை அமைப்பு பூட்டிய நிலையில் கண்ட்ரோலரே சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும், அதைப் பழுது என்று எண்ணவேண்டாம். ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரங்களில் தயாராகி வடக்கே வந்து ஓடுகிற புதிய ஸ்கூட்டர்களின் விஷயம் வேறு. அவற்றில் லித்தியம் பாட்டரியைக் கண்காணிக்கும் மின்னணுப் பலகை ஒன்று உண்டு. வண்டி சட்டென்று முழுவதும் அணைந்து, சாவியை அணைத்துப் போட்டதும் உயிர் பெற்றால், அந்தப் பலகை எதையோ கண்டு அஞ்சியிருக்கிறது. அந்தப் பாட்டரியை வீட்டில் பிரிப்பது உயிருக்கு ஆபத்து, உத்தரவாதமும் போய்விடும். உரிய நிலையத்துக்குக் கொண்டுபோவதே முறை.

புதிய கண்ட்ரோலர் மாட்ட நேர்ந்தால், நிறத்துக்கு நிறம் சேர்த்துவிட்டோம் என்று நிம்மதி அடைந்துவிடக் கூடாது. தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் நிறங்களின் பொருள் மாறும். மெல்லிய கம்பிகளை அப்படியே விட்டுவிட்டு, தடித்த கம்பிகள் மூன்றையும் இடம் மாற்றி மாற்றி ஆறு விதமாகச் சேர்க்கலாம். ஆறில் ஒன்றே சரியானது. மற்றவற்றில் மோட்டார் நடுங்கும், அல்லது, இதுதான் அபாயம், கரகரப்புடன் ஓடவும் செய்யும். ஓடுகிறதே என்று அப்படியே விட்டுவிட்டால் ஒரு வாரத்தில் புதிய கண்ட்ரோலரும் கருகும். ஆகவே சக்கரங்களைத் தூக்கி வைத்து, ஆக்ஸிலரேட்டரைச் சிறிதளவே திருகி, பாட்டரிக் கம்பியில் ஓடும் ஆம்பியரை ஒவ்வொரு விதத்திலும் பார்க்க வேண்டும். ஓசையின்றிச் சுழன்று மிகக் குறைந்த ஆம்பியர் காட்டுவதே உரிய சேர்க்கை. அது வண்டியைப் பின்னோக்கி ஓட்டினால், மெல்லிய செய்திக் கம்பிகளில் இரண்டை இடம் மாற்றிவிட்டு, ஆறு விதங்களையும் மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும். இப்போது வரும் சில கண்ட்ரோலர்களில், இச்சேர்க்கையைத் தானே கற்றுக்கொள்வதற்கென்று ஒரு ஜோடி வெண்ணிறக் கம்பிகள் வைத்திருக்கிறார்கள்; அவற்றை இணைத்து, மோட்டார் முன்னோக்கிச் சீராகச் சுழலத் தொடங்கியதும் பிரித்துவிட வேண்டும்.